கங்காருத் தொப்பி

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. ஆதலால், தலையில் அணியும் பொருளுக்கு மக்கள் என்றும் தனி மதிப்புத் தந்து வந்திருக்கின்றனர். மன்னனுக்கு மணிமுடி; மறவனுக்கு இரும்புக் கவசம்; மாடு மேய்ப்போனுக்கும் மண் உழுவோனுக்கும் துணித் தலைப்பாகை. தலையைக் கண்டே ஆளின் நிலையை அறிந்த காலம் ஒன்று பல நாடுகளில் இருந்தது. அதனாலேதான் போலும், எவர் எதனைத் தலையில் தரிக்க வேண்டும் என்று ஆணையிடவும் அரசுகள் முற்பட்டன.

இங்கிலாந்து நாட்டை முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்ட காலத்தில், 1571-ஆம் ஆண்டில், விந்தையான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உயர்குடியினரும் வேறு சிலரும் நீங்கலாக, ஆறு வயதைக் கடந்தோர் யாவரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் ஆங்கில நாட்டிலே பின்னப்பட்ட கம்பளித் தொப்பியை அணிதல் வேண்டும்; தவறினால் நாள் ஒன்றுக்கு மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். தொப்பி பின்னும் தொழிலாளர் விற்பனை குன்றி வாடினர். அவர்களைக் காக்கவே அரசு இவ்வாறு செய்தது. நோக்கம் நல்லதே, ஆனால், தண்டத்திற்கு அஞ்சி அணியும் தொப்பியில் எவருக்கு விருப்பம் பிறக்கும்? 1597-ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அரசியாரின் ஆணையால் நிலைபெறாத செயலைப் பாடகர் சிலர் ஆணையும் தண்டமும் இன்றியே செய்து முடித்தனர். அது நிகழ்ந்தது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், நியூயார்க் நகரத்துத் தெருக்களில். அவர்கள் விரும்பி அணிந்த தொப்பியோ அதே இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் செய்பொருள். காங்கோல் என்பது அந்நிறுவனத்தின் பெயர். செய்தவரின் பெயரே செய்த பொருளுக்கும் ஆகி வருவதை இலக்கண நூலார் கருத்தாவாகுபெயர் என்பர். அம்முறையில் தொப்பியும் காங்கோல் என்றே வழங்கலாயிற்று. அதனைச் செய்த சிற்றூரார்க்கும் அதற்குப் புகழ் தேடித் தந்த இளைஞர்க்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இத்தொப்பியின் மூதாதையைத் தேடிச் செல்வோர், பிரான்சும் ஸ்பெயினும் எல்லை கொள்ளும் பிரனீசு மலைச்சாரலை அடைவர். அம்மலையில் ஆடு மேய்ப்போர் ஆட்டு மயிரைத் திரித்து நூலாக்கி, விளிம்பு இல்லாத வட்டத் தொப்பிகளைப் பின்னி அணிந்தனர். பெரே என்பது அதன் பெயர். எளியோர் கண்ட தொப்பியாயினும் அதன் பயன் எளிதன்று. தூறல் விழுந்தால் நீர் உடனே உட்புகாது. வெயில் எறித்தால் முன்னே இழுத்துக் கண்ணுக்கு நிழல் தேடலாம். குளிர் மிகுந்தால் காதுவரை இறக்கலாம். வேண்டாத வேளையில் மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் இதனைச் செய்யும் தொழிற்சாலைகள் மலையின் இரு புறத்தும் எழுந்தன. பாஸ்க் நாட்டுத் தொப்பி என்று உலகம் இதனை அழைத்தாலும், பிரான்சு நாட்டில் இதனை மிகுதியாகச் செய்தவர் பாஸ்க் மக்களின் அண்டை அயலாராகிய பேயார்ன் நாட்டு மக்களே ஆவர். உழைப்பு ஒருவருக்கும் பெயர் மற்றொருவருக்குமாக அமைவது இத்தொப்பிக் குடும்பத்தின் பிறவிக் குணம் போலும்!

பெரே செய்யும் முறை அறியத்தக்கது. பின்னி முடித்தவுடன் அது தொளதொளத்த பெரிய பையைப் போலத் தோன்றும். எந்தத் தலைக்கும் பொருந்தாது. அதனை வெந்நீரும் சோப்பும் கலந்த தொட்டியில் இட்டு நெடுநேரம் அடித்துத் துவைப்பர். கம்பளி இழையின் மேற்புறத்தில் மீனின் செதிலைப் போன்ற மிக நுண்ணிய செதில்கள் உண்டு; அவை வெறுங் கண்ணுக்குப் புலப்படா. சூட்டிலும் ஈரத்திலும் அடிபடும்போது ஓர் இழையின் செதில் மற்றோர் இழையைக் கவ்விக்கொள்ளும். பின்னல் சுருங்கும், இறுகும், கண்ணி கண்ணியாகத் தெரிந்தது மறைந்து, ஒரே கனத்த துணியாகத் திரளும். பருத்தியை ஊறவைத்து எத்துணை அடித்தாலும் இவ்விந்தை நிகழாது. பிறகு அச்சில் மாட்டி வட்ட உருவம் தருவர், சாயம் ஏற்றுவர், உலர்த்துவர், மேற்புறத்தைச் சீவி மயிரை எழுப்பி, எழுந்த மயிரைச் சமமாகக் கத்தரித்து வழுவழுப்பாக்குவர். எந்த அளவு சுருங்கியபோது தொட்டியினின்று எடுக்க வேண்டும் என்பதில்தான் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. சற்றே பிந்தினால் பெரியவர் தொப்பி குழந்தைத் தொப்பி ஆகிவிடும். பழகிய கையும் கண்ணுமே அதற்கு அளவுகோல்.

பெரேயின் உச்சியில் சிறு வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்னல் முடிந்த இடத்தில் எஞ்சி நின்ற நூல்முனையே முதலில் வாலாக நின்றது. பயன் என்று அதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும் வால் இல்லாத பெரேயைக் கண்டால் ஏதோ குறைபட்டது போலவே தோன்றும்.

இனி, மலையடிவாரத்து இத்தொப்பி இங்கிலாந்து சேர்ந்த வரலாற்றைக் காணலாம். ஜேக்கப் ஹென்றிக் ஸ்ப்ரைரெகன் என்பவர் போலந்து நாட்டு யூதர். முதல் உலகப் போரில் பணிபுரிந்தவர். போருக்குப் பின்னர், 1920-களில், இலண்டன் மாநகரில் தங்கி, பெரேகளை வெளிநாட்டினின்று வருவித்து வணிகம் செய்தார். பிறர் செய்ததை வாங்கி விற்பதினும் தாமே செய்து விற்பது நன்று என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அதற்கு ஏற்ற இடமாக அவருக்கு வாய்த்தது வடமேற்கு மூலையில், அக்காலத்தில் கம்பர்லாந்து என்று வழங்கிய நாட்டுப்புறத்தில் உள்ள கிளீட்டர் என்னும் சிற்றூர்.

கம்பர்லாந்தின் மேற்குக் கரை இரும்புக்கல்லும் நிலக்கரியும் விளைந்த நிலம். அங்குள்ள ஊர்கள் சுரங்கத்தை நம்பியே வளர்ந்தன. முதல் உலகப் போருக்குப் பின் இரும்பின் தேவை குறைந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை இழந்த ஆடவர் தெருமுனைகளில் கைகட்டி நின்றனர். நாட்டில் மிகவும் நலிந்த பகுதிகளுக்கு உதவ 1934-ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தனிச் சட்டம் ஒன்று செய்தது; மேற்குக் கம்பர்லாந்தும் அப்பகுதிகளுள் ஒன்று. புதிய தொழில் தொடங்குவோரை அரசும் ஊராரும் ஒருங்கே வரவேற்றனர். 1938-ஆம் ஆண்டில் கிளீட்டரில் ஸ்ப்ரைரெகனின் தொழிற்சாலை தொடங்கியது. எஹென் ஆறு ஊரை அடுத்து ஓடிற்று. கம்பளித் தொழிலுக்குத் தண்ணீர் இன்றியமையாதது அன்றோ? அவருடைய மருமகன் ஜோசப் மைஸ்னர் தொழிற்சாலையை உடனிருந்து நடத்தினார். சிறிது காலத்தில் பக்கத்து ஊராகிய பிரிசிங்டனில் மற்றொரு தொழிற்சாலையும் எழுந்தது. ஆடு மேய்ப்போர் தொப்பியை இரும்புக்கல் தோண்டியவர் வீட்டுப் பெண்கள் பின்னலாயினர்.

காங்கோல் என்னும் பெயருக்கு அகராதியில் பொருள் தேடினால் கிடையாது. அங்கோரா என்னும் மென்மயிரின் முற்பகுதியையும், கம்பளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதியையும் இணைத்து, முன்னே ஓர் எழுத்தைக் கூட்டியதால் பிறந்த பெயர் அது. அம்முதலெழுத்துப் பட்டைக் குறிக்கும் என்பர் ஒரு சாரார்; பின்னலைக் குறிக்கும் என்பர் மற்றொரு சாரார். கங்காருவுக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது மட்டும் உறுதி. இதனை இங்கே நினைவில் வைத்தல் நன்று.

தொழிற்சாலை தொடங்கிய மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானியப் படையில் பெரே அதற்கு முன்பே இடம் பெற்றிருந்தது. 1924-ஆம் ஆண்டில் டாங்கிப் படையினர் கறுப்புப் பெரே அணிய இசைவு பெற்றனர். டாங்கியின் உள்ளே இடம் குறுகியது. விளிம்புள்ள தொப்பி குறிபார்க்கும் கருவியில் இடிக்கும். வெளிர் நிறத் தொப்பியில் எண்ணெய்க் கறை தெரியும். கறுப்புப் பெரேயோ இரு தொல்லைகளையும் ஒருங்கே தீர்த்தது. போர் வளர வளரப் பெரே அணிந்த படைப்பிரிவுகளும் பெருகின; தளபதி மாண்ட்கோமரி இரண்டு சின்னங்கள் பதித்த கறுப்புப் பெரேயுடன் பாலைவனத்தில் நின்ற படம் நாடெங்கும் பரவியது. படைக்குப் பெரே வழங்கியோருள் கிளீட்டர் தொழிற்சாலையே முதன்மையானது. போரால் எத்தனையோ ஊர்கள் அழிந்தன. கிளீட்டரிலோ நூற்றுக்கணக்கானோர் வீட்டில் அடுப்பெரிந்தது. போர் தந்த வாழ்வு என்று சொல்லக் கூசினும், உண்மை அதுவே.

போர் முடிந்ததும் படைவீரர் தலைகள் குறைந்தன. வேறு தலைகளைத் தேட வேண்டியதாயிற்று. 1948-ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் தம் நாட்டு அணியினர்க்குக் காங்கோல் நிறுவனத்தார் பெரே வழங்கினர். 1954-ஆம் ஆண்டில் புதிய தொப்பி ஒன்றைச் செய்தனர். முன்புறம் சிறு மறைப்பு, வளைந்து படியும் உச்சி, தையல் தெரியாத கம்பளி உடல் - இவை அதன் இலக்கணம். 504 என்பது அதன் பெயர். காதுக்கு இனிய பெயர் என்று எவரும் கூறார். ஆனால், அவ்வெண் பின்னாளில் பெற்ற புகழை இனிய பெயர்கள் பல பெறவில்லை. கோல்ப் ஆடும் செல்வர்கள் இத்தகைய தொப்பிகளை விரும்பினர். 1964-ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் என்னும் பாடகர் நால்வரின் புகழ் உலகெங்கும் பரவியபோது, அவர்கள் பெயரைத் தாங்கிய தொப்பிகளையும் அந்நிறுவனம் செய்து விற்றது. பாட்டுக்கும் தொப்பிக்கும் உள்ள உறவைக் கிளீட்டர் அப்பொழுதே சற்று உணர்ந்திருக்கும்.

அவ்வுறவு அதற்கும் முந்தியது. 1940-களில் அமெரிக்காவில் ஜாஸ் இசையில் புதுநெறி கண்ட டிசி கில்லஸ்பி என்னும் கறுப்பினக் கலைஞர் பெரே அணிந்து மேடை ஏறினார். மடித்துப் பையில் வைக்க எளிது என்பதே அவர் அதனை விரும்பியதற்குக் காரணம். ஆனால், அவருடைய எக்காளத்தைக் கேட்க வந்த இளைஞர்கள் அவர் தலையையும் கண்டனர். அவரைப் போல் பெரே அணிந்தனர்; அவரைப் போல் தடித்த சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி மாட்டினர்; அவரைப் போல் மோவாயில் சிறு தாடி வளர்த்தனர். எக்காளம் ஊதக் கற்றவர் அவர்களுள் சிலரே! இசையைக் கைக்கொள்ளப் பல்லாண்டு ஆகும். தொப்பியைக் கைக்கொள்ள ஒரு கணம் போதும்.

இனிக் கதை நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குச் செல்கிறது. அப்பகுதியின் நடுவே அகன்ற நெடுஞ்சாலை ஒன்றை அமைத்தபோது குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. வசதி உடையோர் வெளியேறினர். வேலை தரும் தொழில்களும் வெளியேறின. 1970-களில் கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீக்கிரையாயின. நகரத்தின் கருவூலம் வறண்டது. பள்ளிகளில் இசை கற்பிப்பதற்கு ஒதுக்கிய பொருளும் குறைக்கப்பட்டது. இவ்வாறு கைவிடப்பட்ட இடத்தில், கறுப்பினத்தவரும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவரும் வாழ்ந்த இடத்தில், புதிய இசையொன்று முளைத்தது.

அது முளைத்த நாளையும் இடத்தையும் குறிப்பிட்டுக் கூறும் வழக்கம் உண்டு. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள். செட்ஜ்விக் நிழற்சாலை, 1520-ஆம் எண்ணுள்ள அடுக்கு மாளிகையின் பொதுக்கூடம். ஜமேய்க்காவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த சிண்டி காம்பெல் என்னும் பள்ளி மாணவி அங்கு ஒரு விருந்து நடத்தினாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இருந்தது. பள்ளிக்கு அணிந்து செல்லப் புதிய உடை வாங்க அவளுக்குப் பணம் வேண்டும். சிறுமியர்க்கு 25 சென்ட், சிறுவர்க்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தாள். அண்ணன் கிளைவ், கூல் ஹெர்க் என்று பெயர் சூட்டிக்கொண்டவன், இசைத்தட்டுகளைச் சுழற்றினான். பாட்டின் நடுவே பாடல் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்திலேதான் ஆடுவோர்க்கு வெறி மிகுகிறது என்பதை அவன் கண்டிருந்தான். ஆதலால் அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் முறையை வளர்த்தான். தாளத்தின் மேல் சொற்களை அடுக்கி உரைக்கும் கலையும் அதனோடு வளர்ந்தது. ஹிப்-ஹாப் என்று உலகம் பின்னர் அழைத்த இசையின் தொடக்கமாக அவ்விருந்தையே பலரும் குறிப்பிடுவர். புத்தாடை வேண்டும் என்னும் ஒரு மாணவியின் விருப்பத்திலிருந்து அவ்விசை பிறந்தது என்றால், உடைக்கும் அதற்கும் உள்ள நெருக்கத்தை வேறு எவ்வாறு விளக்குவது?

பகட்டுக்கு அடிமைப்பட்ட இளைஞர் கூட்டம் என்று அவர்களை இகழ்ந்தோர் பலர். இகழ்ச்சி எளிது. ஆனால், இடிந்த சுவர்களுக்கு நடுவே வாழ்பவனுக்குத் தன் வீட்டை அழகு செய்ய இயலாது. தெருவைத் திருத்தவும் இயலாது. அவன் முழு உரிமையோடு ஒழுங்கு செய்யக்கூடிய இடம் ஒன்று உண்டாயின், அது அவனுடைய உடம்பே. காலணியில் தூசு படாமல் துடைத்துக் கொண்டான். காற்சட்டையில் மடிப்புக் கலையாமல் நடந்தான். தலையில் நல்ல தொப்பி ஒன்றைச் சற்றே சாய்த்து வைத்தான். கடந்து செல்வோர் அவனைக் காணாதவர் போலச் செல்ல முடியவில்லை. கோல்ப் ஆடும் செல்வர்க்கு என்று கருதப்பட்ட தொப்பி, கோல்ப் மைதானத்தை வேலிக்கு வெளியிலிருந்தும் காணாத இளைஞன் தலையில் ஏறியது. வாங்குவதற்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்க வேண்டியிருந்ததே அதன் மதிப்பை உயர்த்தியது.

பாடகர்கள் இவ்விளைஞர்களுள் ஒருவராகவே இருந்தனர். கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் முதலிய தொடக்ககாலக் கலைஞர்கள் காங்கோல் அணிந்தனர். இசையும் கலையும் பயிற்றும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் சிலர் காங்கோல் குழு என்றே தமக்குப் பெயர் வைத்துக்கொண்டனர். ஸ்லிக் ரிக், டானா டேன் என்று பின்னாளில் பெயர் பெற்றோர் அக்குழுவினரே. அவர்களுள் ஸ்லிக் ரிக் இலண்டனில் பிறந்து பிராங்க்ஸ் சேர்ந்தவர் என்பது சுவையான செய்தி. யு.டி.எப்.ஓ. என்னும் குழு 1984-ஆம் ஆண்டில் புகழ் பெற்றபோது, அதன் பாடகருள் ஒருவர் காங்கோல் கிட், அதாவது காங்கோல் பையன், என்னும் பெயரோடு விளங்கினார். தொப்பியின் பெயரைத் தன் பெயராகவே ஒருவன் ஏற்பான் எனின், அது வெறும் தலைப்போர்வை அன்று.

ஆயினும், காங்கோல் என்றவுடன் பலர் நினைவில் எழுபவர் எல் எல் கூல் ஜே என்பவரே. குவீன்ஸ் பகுதியில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். பாட்டனார் ஜாஸ் இசை பயின்றவர். பேரனின் ஆர்வத்தைக் கண்டு இசைத்தட்டுக் கருவிகளை வாங்கித் தந்தவர். 1985-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், 'ரேடியோ' என்னும் முதல் இசைத்தட்டுத் தொகுதியை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் அவர் தலையில் கண்டது பெரே அன்று; கவிழ்த்து வைத்த வாளியைப் போன்ற வடிவமும், பூந்துவாலையைப் போன்ற சுருள் இழையும் உடைய காங்கோல் தொப்பி. சுற்றிலும் இறங்கிய விளிம்பு நெற்றியை மறைத்தது; அதன் நிழலில் கண்கள் பாதி தெரிந்தன. மேடையிலும் படத்திலும் அத்தொப்பி இன்றி அவரைக் காண்பது அரிதாயிற்று. கேட்டவர் பாட்டை மனப்பாடம் செய்தனர். கண்டவர் கடைக்கு ஓடினர்.

கடைக்கு ஓடியவர்கள் கேட்டது எதனை? அங்கேதான் கங்காரு வருகிறது. காங்கோல் என்னும் பெயர் அமெரிக்கச் செவிக்குப் புதிது. கங்காருத் தொப்பி எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் பலர் வினவினராம். கங்காருவோ ஆஸ்திரேலிய நாட்டு விலங்கு. கிளீட்டரின் மலைச்சாரலில் ஆடுகளைத் தவிர வேறொன்றும் தாவியதில்லை. பிழையைத் திருத்த முற்படுவதற்கு மாறாக நிறுவனத்தார் அதனைப் பொன்னே போல் போற்றினர். 1983-ஆம் ஆண்டில் தாவும் கங்காருவின் உருவத்தைத் தம் சின்னமாக ஏற்றுத் தொப்பியில் தைத்தனர். தெருவில் வழங்கிய திரிபு நிறுவனத்தின் முத்திரை ஆயிற்று. போலந்தில் பிறந்தவர் ஒருவர், பிரான்சு நாட்டுத் தொப்பியை, இங்கிலாந்தில் செய்யத் தொடங்கி, அமெரிக்கரால் ஆஸ்திரேலிய விலங்கைச் சின்னமாகப் பெற்றது இத்தொப்பி!

504 என்னும் தொப்பியில் அச்சின்னம் பின்புறத்திலே அமைந்தது. முன்னே நிற்பவர் காண இயலாது. இளைஞர்களோ தொப்பியை முன்பின்னாகத் திருப்பி அணிந்தனர். மறைப்புப் பிடரிக்குச் சென்றது. கங்காரு நெற்றிக்கு வந்தது. நடிகர் சாமுவேல் ஜாக்சன் அவ்வாறே திருப்பி அணியும் வழக்கத்தால் அக்கோலத்தை மேலும் பரப்பினார். 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜாக்கி பிரவுன்' என்னும் திரைப்படத்திலும் அவர் காங்கோல் அணிந்தே தோன்றினார்.

புகழ் இவ்வாறு ஓங்கியபோது கிளீட்டர் எவ்வாறு இருந்தது? புகழ் பெற்ற தொப்பியைச் செய்யும் ஊர் செழித்திருக்க வேண்டும் என்று எண்ணுதல் இயல்பு. நடந்தது வேறு. பெயருக்கு மதிப்பு ஏற ஏற, பெயர் ஒரு தனிச் சரக்கு ஆயிற்று. அதனை வாங்கலாம், விற்கலாம், எந்த நாட்டில் செய்த தொப்பியிலும் தைக்கலாம். நிறுவனம் கைமாறியது. பின்னும் இயந்திரங்கள் கூலி மலிந்த நாடுகளிலும் ஓடின. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆதம்ஸ்டவுன் என்னும் ஊரில் 1868-ஆம் ஆண்டு முதல் தொப்பி செய்துவந்த பால்மன் நிறுவனம், காங்கோல் தொப்பிகளைச் செய்யும் உரிமையைப் பெற்றது. நூற்றுக்கணக்கானோர் உழைத்த கிளீட்டரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வேலை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 2009-ஆம் ஆண்டில் கிளீட்டரின் பழைய தொழிற்சாலையை மூடும் செய்தி வந்தபோது அங்கு எஞ்சியிருந்த வேலைகள் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே.

இதற்கு நியூயார்க் இளைஞரைக் குறை கூறுதல் தகாது. அவர்கள் கேட்டது தொப்பியை; மலிந்த தொப்பியை அன்று. அவர்கள் விரும்பியிராவிடின் தொழிற்சாலை இன்னும் முன்பே மூடப்பட்டிருக்கவும் கூடும். ஏனெனில் 1960-களிலிருந்தே மேலைநாடுகளில் தொப்பி அணியும் வழக்கம் பெரிதும் தேய்ந்து வந்தது. தொப்பிக்கு மதிப்பைத் தந்தவர் அவ்விளைஞர். தொப்பிக்கு உருவைத் தந்தவர் கிளீட்டர்ப் பெண்கள். மதிப்பையும் உருவையும் பிரித்து எடுத்து, மதிப்பை மட்டும் தன்னோடு கொண்டு செல்லும் ஆற்றல் மூன்றாமவராகிய வணிகர்க்கு இருந்தது. எலிசபெத் அரசியாரின் சட்டம் தொப்பியை அணியத்தான் செய்யவில்லை. ஆயினும் அதில் ஓர் எண்ணம் இருந்தது. தலையைப் பற்றி நினைத்தபோதே கையைப் பற்றியும் அது நினைத்தது.

கைத்திறம் பெயரைப் போல் எளிதில் இடம் பெயர்வதன்று என்பதற்குப் பிந்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பால்மன் நிறுவனத்தார், சீன நாட்டில் ஓடிக்கொண்டிருந்த 504 பின்னும் இயந்திரங்களை ஆதம்ஸ்டவுனுக்குக் கொண்டுவர முனைந்தனர். கங்காருத் தொப்பியை அமெரிக்க மண்ணிலேயே செய்து, அங்குள்ளோர்க்கு வேலை தர வேண்டும் என்பது அவர்கள் கூறிய நோக்கம். கப்பலில் ஏற்றி வரும் செலவுக்குப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினர். சாமுவேல் ஜாக்சனும் அதற்குத் துணை நின்றார். இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டில் அங்கே தொப்பி பின்னும் வேலை தொடங்கியது. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தொப்பி செய்த ஊராயினும், அப்பழைய இயந்திரங்கள் புதிய கைகளுக்கு எளிதில் இணங்கவில்லை. ஊசி நின்றது, நூல் அறுந்தது, ஒருமுறை பிறழ்ந்த பின்னலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தோடு பேசிப் பழகியவர்கள் வேறொரு கண்டத்தில் இருந்தனர். அவர்களுக்கும் முன்னே பழகியவர்கள் கிளீட்டரில் மூப்பெய்தி இருந்தனர். ஆதம்ஸ்டவுன் தொழிலாளர்கள் இயந்திரத்தின் அருகே நின்று, அதன் ஓசையைக் கேட்டு, எந்த ஓசையில் பின்னல் சரியாக ஓடுகிறது, எந்த ஓசையில் பிறழப் போகிறது என்று நாள்தோறும் சிறிது சிறிதாகக் கற்கத் தொடங்கினர்.